சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து மாத்திரையை நிறுத்த நினைப்பவர்களுக்கு

வலிப்பு நோய்க்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிற யாராவது உங்கள் வீட்டிலோ சபையிலோ இருந்தால், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊழியக்காரர் தலையில் கை வைத்து ஜெபித்திருந்தாலும் சரி, என்ன தீர்க்கதரிசனம் வந்திருந்தாலும் சரி, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். என் அக்கா மகளுக்கு நிறுத்த வைத்தார்கள். அந்த வாரமே அவள் ஐ.சி.யு.வில் கிடந்தாள்.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவள் அல்ல. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் முழங்காலில் நிற்கிற குடும்பம். கர்த்தர் இன்றைக்கும் சுகம் தருகிறார் என்று முழு மனதோடு நம்புகிறேன். அதனால்தான் அவர் பெயரைச் சொல்லி நடந்த இதைப் பேசாமல் விட முடியவில்லை.

அக்கா மகளுக்கு எட்டு வயதில் முதல் தடவை வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளையில் ஒரு சின்னத் தழும்பு. நாடாப்புழுவின் முட்டை உடம்புக்குள் போய், மூளையில் கட்டியாகி, பிறகு தழும்பாகியிருக்கிறது. நம் நாட்டில் வலிப்புக்கு இது சகஜமான காரணம் என்று டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். நடுவில் அவ்வப்போது வந்தாலும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதில் கடைசி இரண்டு வருடம் ஒரு தடவைகூட வரவில்லை. பெண் கல்லூரிக்குப் போனாள், கோயில் பாடகர் குழுவில் பாடினாள். இப்போது அவளுக்கு வயது 19. இப்படியே இருந்தால் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அக்காவின் கவலை வேறு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் கட்டிக் கொடுத்தால் பாவம், சொன்னால் யார் வருவார்கள்? நம் ஊர்களில் வலிப்பு இருக்கும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது அந்த நேரத்தில்தான். மூன்று நாள் கூட்டம், தீராத வியாதிகள் தீரும், கட்டுகள் அறுபடும், அனுமதி இலவசம்.

பந்தல் வாசலிலேயே ஜெபக் கார்டு கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர், போன் நம்பர், என்ன வியாதி, எத்தனை வருடமாக, குடும்பத்தில் வேறு என்ன பிரச்சினை, எல்லாம் அதில் உண்டு. அக்காவுக்கு எழுத வராததால் ஒரு வாலண்டியர் பெண்ணே அன்பாகக் கேட்டுக் கேட்டு நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். இருவரும் அன்று என் வீட்டில் தங்கியிருந்ததால், ஊர் என்ற இடத்தில் அக்கா என்னுடைய பாளையங்கோட்டை விலாசத்தைச் சொல்லிவிட்டாள்.

இரண்டு மணி நேரம் பாட்டு, அப்புறம் செய்தி, அப்புறம் காணிக்கை. அதற்குப் பிறகு அந்த ஊழியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டைக் கர்த்தர் எனக்குக் காட்டுகிறார், அந்த வீட்டில் ஒரு மகள், பதினோரு வருடமாக ஒரு வலிப்பின் ஆவி அவளைப் பிடித்திருக்கிறது, மகளே நீ இங்கே வந்திருக்கிறாய் என்று பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். அக்கா அழுதுகொண்டே பிள்ளையை இழுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். அந்தப் பிள்ளை பாளையங்கோட்டையில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. அவளுடைய வீடு தூத்துக்குடி மாவட்டத்தில், கடலோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. எல்லாம் அறிந்த கர்த்தருக்கு அது தெரியாமலா போகும்? கார்டில் இருந்த விலாசம்தான் மேடையில் தரிசனமாக வந்தது.

இது புதிய தந்திரமும் இல்லை. 1986-இல் அமெரிக்காவில் பீட்டர் பொப்பாஃப் என்ற பிரபல சுகமளிக்கும் ஊழியக்காரர், கூட்டத்தில் இருப்பவர்களின் பெயர், விலாசம், வியாதி எல்லாவற்றையும் ஆவியானவர் சொல்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர் தன் ஆட்களோடு போய் ரேடியோ அலைகளைப் பிடித்துப் பார்த்தார். பொப்பாஃபின் காதுக்குள் ஒரு சின்னக் கருவி இருந்தது. அவருடைய மனைவி வெளியே உட்கார்ந்து ஜெபக் கார்டுகளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். டிவியிலேயே அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அடுத்த வருடம் பொப்பாஃப் திவாலானார். ஆனால் சில வருடங்களில் மறுபடி டிவிக்கு வந்து அற்புதத் தண்ணீர் அனுப்பத் தொடங்கிவிட்டார். கேட்க ஆள் இருக்கும்வரை இது ஓயாது போலிருக்கிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். மேடையில் அந்த ஊழியக்காரர் அக்கா மகளின் நெற்றியில் கை வைத்துத் தள்ளினார். பின்னால் பிடிக்க இரண்டு பேர் நின்றார்கள். அபிஷேகத்தில், அதாவது ஆவியானவரின் வல்லமையால், விழுந்தாள் என்று மைக்கில் சொன்னார்கள். பிள்ளை என்னிடம் பிறகு சொன்னது: "சித்தி, நான் விழலைன்னா அவரு தள்ளிக்கிட்டே இருந்தாரு. எல்லாரும் பாக்குறாங்களேன்னு விழுந்துட்டேன்."

எழுந்ததும் அக்காவிடம் மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கீழே இறங்கும்போதே, "குணமாயிட்டாள்னு விசுவாசத்துல அறிக்கை பண்ணுங்கம்மா, அப்பத்தான் ஆசீர்வாதம் நிலைக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக, அவள் குணமானாளா என்று யாரும் பார்ப்பதற்கு முன்னால் குணமானாள் என்ற சாட்சி பதிவாகிவிட்டது. அன்றிரவே வீடியோ வந்தது. பதினோரு வருட வலிப்பு நொடியில் நீங்கியது என்று தலைப்பு.

இறந்துபோன யவீருவின் மகளை உயிரோடு எழுப்பின பிறகு இயேசு என்ன செய்தார்? இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்த வீடியோ ஞாபகம் வருகிறது.

அடுத்த நாளிலிருந்து போன். மேடையில் இருந்தவர் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பேசியவர்கள் அந்த ஊழியத்திலிருந்து போனில் வந்த ஜெப வீரர்கள். "சுகம் வாங்கிட்டு மாத்திரை சாப்பிட்டா கர்த்தரைச் சந்தேகப்படுறோம்னு அர்த்தம் சிஸ்டர்" என்றார்கள். சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான் என்று யாக்கோபு நிருபத்திலிருந்து வசனம் சொன்னார்கள். சுகம் நிலைக்க விதைக் காணிக்கை விதைக்க வேண்டும் என்றார்கள். அக்கா மகளிர் குழுவில் கடன் எடுத்து 25,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினாள். பதிலுக்கு ஒரு சின்னப் பாட்டில் ஜெப எண்ணெயும் ஒரு கைக்குட்டையும் கூரியரில் வந்தன. கைக்குட்டையைத் தலையணைக்குக் கீழே வைக்கச் சொன்னார்கள். மாத்திரை அட்டைகள் குப்பைக்குப் போயின.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் மட்டும் திரும்பி வருவதில்லை. அடக்கி வைத்திருந்தது ஒரேயடியாகக் கிளம்பி, ஒன்று நிற்பதற்குள் அடுத்தது என்று விடாமல் வரலாம். அவளுக்கு அப்படித்தான் வந்தது. விடியற்காலை. கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், எண்ணெயைத் தடவினார்கள், சுற்றி நின்று ஜெபித்தார்கள். ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணியது பக்கத்து வீட்டுப் பையன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நினைவே இல்லை. வென்டிலேட்டரில் வைத்தார்கள். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, கடைசியாக மாத்திரை எப்போது சாப்பிட்டாள் என்பதுதான். அக்கா வாயைத் திறக்கவில்லை. அந்த டாக்டரும் அந்த நர்சுகளும் அவளை மீட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அவள் பாடத்தை வாசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறாள், மனதில் நிற்கவில்லை என்கிறாள். அந்த செமஸ்டர் போய்விட்டது. மாத்திரையைக் குறைப்பது என்ற பேச்சுக்கே இனிப் பல வருடங்களுக்கு இடமில்லை.

அந்த ஊழியத்துக்கு நான்தான் போன் பண்ணினேன். முதலில் பேசியவர் ஸ்தோத்திரம் சொல்லி, வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றார். அடுத்தவர், அம்மாவின் விசுவாசம் தளர்ந்திருக்கும் என்றார். மூன்றாவதாக வந்தவர், ஐயா மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லையே, வீடியோவைப் பாருங்கள் என்றார். பணத்தைக் கேட்டதற்கு, கர்த்தருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது சாபம் என்றார்கள். ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய், உன் பாவம், உன் அவிசுவாசம் என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது? பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். இவர்கள் அதே கேள்வியை வைத்துத்தான் ஊழியம் நடத்துகிறார்கள்.

இதை எழுதினால் வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். குணமாக்குவது போன்ற அற்புத வரங்கள் எல்லாம் இயேசு அனுப்பிய அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன, அது தெரியாமல் அங்கே போனது உங்கள் தப்பு என்று ஒரு பக்கம். ஆவியானவரைத் தூஷிக்கிறீர்கள் என்று இன்னொரு பக்கம். இந்த வாதம் நமக்கு முன்னாலிருந்தே நடக்கிறது. 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து, அந்த வரங்கள் இன்றைக்கும் உண்டு என்று சொல்லும் பெந்தெகொஸ்தே எழுப்புதல் உலகமெங்கும் பரவியது. 1918-இல் பிரின்ஸ்டன் இறையியலாளர் பி. பி. வார்ஃபீல்ட், அற்புத வரங்கள் அப்போஸ்தலருக்கு அத்தாட்சியாகக் கொடுக்கப்பட்டவை, அவர்களோடு அவை ஓய்ந்தன என்று விரிவாக வாதிட்டார். நான் வார்ஃபீல்ட் பக்கம் இல்லை. குணமாக்கும் வரங்களைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை யாரும் ரத்து செய்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில்தான், எல்லாரும் குணமாக்கும் வரங்களுடையவர்களா என்றும் கேட்கிறார். அதே பவுல்தான் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தார், தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார், வைத்தியனாகிய லூக்காவைப் பிரியமானவன் என்று எழுதினார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

வரம் இன்றைக்கும் உண்டு என்று நம்பிய பெரிய ஊழியக்காரர்களே மருந்தைத் தள்ளவில்லை. சுகமளிக்கும் கூட்டங்களால் அமெரிக்கா முழுக்கப் பெயர் பெற்ற ஓரல் ராபர்ட்ஸ், ஜெபமும் வைத்தியமும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று சொல்லி, 1981-இல் டல்சா நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியையே திறந்தார். வியாதியஸ்தருக்காக ஜெபிக்க ஆயிரக்கணக்கானவர்களைப் பழக்கிய ஜான் விம்பர், தனக்குப் புற்றுநோய் வந்தபோது கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டார். நம் பக்கத்தை எடுத்துக்கொண்டால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷனரி டாக்டர் சாமுவேல் கிரீன் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்றுக்கொடுத்தார். வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இவர்கள் எல்லாம் ஊழியக்காரர்கள்தானே?

பிசாசு என்ற பேச்சையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அக்காவை அதுதான் அதிகம் உடைத்தது. மத்தேயு 17-இல் சந்திரரோகியான, அதாவது வலிப்பு உள்ள, பையனிடமிருந்து இயேசு பிசாசைத் துரத்தினார், அது உண்மை. ஆனால் அதே மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும்போது பிசாசு பிடித்தவர்கள் தனி, சந்திரரோகிகள் தனி, திமிர்வாதக்காரர் என்கிற முடக்குவாதக்காரர் தனி. ஒன்றைக் காட்டி எல்லா வலிப்பும் பிசாசு என்று சொல்ல வேதத்தில் இடமில்லை. மூளையில் புழு விட்ட தழும்புக்குப் பேய் ஓட்டி, ஒரு பெண்பிள்ளையின் மனதில் தனக்குள் ஏதோ இருக்கிறது என்ற பயத்தையும் விதைத்துவிட்டார்கள். அந்தப் பயத்துக்கு மாத்திரை இல்லை.

உண்மையாகவே சுகம் கிடைத்தால் அதைச் சோதிப்பதில் என்ன தப்பு? பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு, போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்றார். அந்தக் காலத்தில் குஷ்டம் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. இன்றைக்கு அது டாக்டருடையது. ஜெபித்தபின் டாக்டரிடம் போங்கள், அவர் டெஸ்ட் எடுத்து மாத்திரையைக் குறைக்கட்டும். அப்போது சாட்சி சொல்லுங்கள், நானும் வந்து ஸ்தோத்திரம் சொல்கிறேன். வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேர்வரை சரியான மாத்திரையால் வலிப்பே வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சின்ன மாத்திரையும் கர்த்தர் கொடுத்ததுதான் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் அக்காவிடம் சொன்னார். அதன் பிறகுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாக்கோபு சொன்னபடி எண்ணெய் பூசி அவர் ஜெபித்தார். காணிக்கை கேட்கவில்லை.

உங்கள் முன்னால் யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108.

சட்டமும் இருக்கிறது. மந்திரம், தாயத்து போன்ற அற்புதப் பொருளால் குறிப்பிட்ட நோய்கள் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருட மத்தியச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அந்த நோய்களின் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது, சர்க்கரையும் புற்றுநோயும் இருக்கின்றன. எண்ணெய் பாட்டிலோடு வந்த நோட்டீஸ், ஜிபே ரசீது, போன் வந்த நம்பர்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எதையும் தூக்கிப் போடாதீர்கள், எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அவளுடைய வீடியோவை நீக்கச் சொல்லிக் கேட்டும் இதுவரை நீக்கவில்லை. பதினோரு வருட வலிப்பு நொடியில் நீங்கியது என்ற தலைப்பில் ஒரு தாயும் மகளும் மேடையில் அழுகிற வீடியோ உங்கள் குடும்ப குரூப்புக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம், இந்தப் பெண் குணமாகவில்லை, மாத்திரையை நிறுத்தி ஐ.சி.யு.வுக்குப் போனாள் என்று சொல்லுங்கள்.