மெரினாவில் கேமராவோடு வருபவர்களிடம் உஷார்

வெளியூர் சொந்தக்காரர்களை மெரினாவுக்குக் கூட்டிப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

போன ஞாயிறு சாயங்காலம் தென்காசியிலிருந்து வந்திருந்த சித்தப்பா, சித்தியோடு போயிருந்தேன். சித்தப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் காமராசர் சாலையில் வைத்த சிலைகளை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஔவையார், வீரமாமுனிவர், ஜி.யு. போப் என்று ஒவ்வொரு பீடத்தையும் நின்று படித்தார். கண்ணகி சிலையை 2001-இல் அகற்றி 2006-இல் திரும்ப வைத்த கதையைச் சித்திக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கேமரா தொங்கவிட்ட ஒரு பையன் வந்தான்.

"அம்மா, ஒரு ஸ்டில் முப்பது ரூபாதான். பிடிச்சதை மட்டும் எடுத்துக்கலாம்."

சரி, நாலு படம் போதும் என்று தெளிவாகச் சொன்னேன். அலையோரம் கூட்டிப்போய், கையைப் பிடிங்க, சூரியனைத் தொடுற மாதிரி நில்லுங்க என்று அவன் பாட்டுக்குச் சுட்டுத் தள்ளினான். முடிந்ததும், "போனைக் குடுங்க சார், காட்டுறேன்" என்று சித்தப்பாவின் போனை வாங்கிக் கேபிளைச் சொருகினான். பார்ப்பதற்குள் அத்தனையும் போனுக்குள் ஏறிவிட்டது. மொத்தம் 68 படம். பாதிக்கு மேல் ஒரே மாதிரி, சிலதில் சித்தி கண்ணை மூடியிருக்கிறார். 2,040 ரூபாய் கேட்டான்.

அழித்துவிடு என்றால், "காப்பி ஆனா ஆனதுதான்" என்கிறான். அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். போன் இன்னமும் அவன் கையில். சித்தி பயந்துபோய் முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்ததைப் பார்த்தபோது எனக்கு அடிவயிறு எரிந்தது. 1,500-க்குப் பேசி முடித்துத்தான் போனை வாங்க முடிந்தது. பஜ்ஜிக் கடை அக்கா, "வெளியூர்க்காரங்கன்னு தெரிஞ்சாலே இப்படித்தான் பண்றானுங்க" என்றார். அந்த மணலில் சுண்டலும் சோளமும் விற்று நேர்மையாகப் பிழைக்கிறவர்களுக்கும் இவர்களால்தான் கெட்ட பெயர்.

படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கேமரா திரையிலேயே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் பேசி முடிக்காமல் கேபிள் சொருக விடாதீர்கள். போனைக் கையை விட்டுக் கொடுக்கவே கூடாது. சூழ்ந்துகொண்டால் அங்கேயே நின்று 100-க்கு அடியுங்கள், கடற்கரையிலேயே காவல் நிலையம் இருக்கிறது. நானும் மறுநாள் போய்ப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் நீங்களும் கொடுங்கள்.