தோற்ற இரவில் உட்காரத் தகுந்த ஒரு மாமாக் கடை

ரொட்டி சானாய்க்காக இந்தக் கடைக்கு வராதீர்கள். ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் சவசவவென்று இழுக்கும். பருப்புக் குழம்பில் பருப்பைத் தேடவேண்டும். மிளகாய்ச் சம்பால் மட்டும் கைப்பக்குவம் தெரிந்த ஒருவர் வைப்பது; அதைத் தனியாக ஒரு கிண்ணத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பார்கள். வறுத்த நூடுல்ஸான மீ கோரேங் பரவாயில்லை. ஆற்றிக் கொடுக்கிற பால் தேநீரான தே தாரிக் நன்றாக இருக்கிறது. ‘கூராங் மானிஸ்’ என்றால் நிஜமாகவே சீனியைக் குறைத்துத்தான் கலக்குகிறார்கள். மலேசியாவில், எங்கள் கிள்ளானில், இது சாதாரண விஷயமில்லை.

கடைப் பெயரை எழுதவில்லை, குறை நாலு சொல்லப்போகிறேன் என்பதால். எங்கள் தாமான் (குடியிருப்பு) முச்சந்தியில், இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. இங்கே நான் மதிப்பெண் போடுவது சாப்பாட்டுக்கு இல்லை, காற்பந்து பார்க்கிற வசதிக்கு. அதிலும் மலேசியத் தேசியக் குழுவான ஹரிமாவ் மலாயா ஆட்டத்துக்கு. லிவர்பூல், மான்செஸ்டர் ஆட்டம் என்றால் எந்தக் கடையும் சரிதான்; பாதி மேசை அழுதால் மீதி மேசை சிரிக்கும். தேசியக் குழு தோற்றால் கடையில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து தோற்கிறோம். அந்த நேரத்தில் கடைக்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் என் அளவுகோல். கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணம் 2024 ஜனவரியில் அதைச் சோதித்துப் பார்க்க நிறையவே வாய்ப்பு கொடுத்தது.

முதலில் திரை. கடைக்கு முன்னால் இருக்கிற ஐந்தடிக் கால் நடைபாதையை மறித்து, லாரிக்குப் போடுகிற கான்வாஸ் மாதிரி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி புரொஜெக்டரில் காட்டுகிறார்கள். அளவு தாராளம், வெளிச்சமும் போதும். இடது பக்கத் தூணுக்குப் பின்னால் இருக்கிற மேசையில் உட்கார்ந்தால் கோல் கம்பத்தில் ஒன்று தெரியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இவர்கள் படத்தை இணையப் பெட்டி வழியாக எடுக்கிறார்கள். எதிர் வரிசையில் இருக்கிற இன்னொரு மாமாக் கடையில் கூரைமேல் செயற்கைக்கோள் தட்டு. அங்கே நடப்பது இங்கே சில வினாடி கழித்துத்தான் வரும். லீக் ஆட்டத்தில் இது எரிச்சல், அவ்வளவுதான். நம் நாடு ஆடும்போது இது சித்திரவதை. நம் திரையில் பந்து நடுத்திடலில் உருண்டுகொண்டிருக்கும், சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘ஆ...’ என்று ஓர் ஓலம் வரும். பிறகு என்ன பார்க்க இருக்கிறது?

எங்கள் குழுவில் ஜோர்டான், பஹ்ரேன், தென் கொரியா. முதலில் ஜோர்டான் ஆட்டம், பொங்கலன்று இரவு, நம் நேரப்படி ஒன்றரை மணிக்கு. வீட்டில் காலையில் பால் பொங்கியது, அன்றைக்கு பொங்கியது அது மட்டும்தான். 32ஆம் நிமிடத்துக்குள் மூன்று கோல், முடியும்போது 4-0. மூன்றாவது கோலுக்குப் பிறகு ஆட்கள் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். மறுநாள் வேலை இருந்ததால் யாரும் சண்டைகூடப் போடவில்லை. இந்த இரவைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. மீ கோரேங்கில் இறால் இருந்தது.

பஹ்ரேன் ஆட்டம்தான் ஆட்டம். ஜனவரி 20, சனிக்கிழமை, இரவு பத்தரை. பத்து மணிக்கே நாற்காலி இல்லை. கடைப் பையன்கள் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலிகளைக் கொண்டுவந்து கார் நிறுத்துமிடம் வரை போட்டார்கள். கறுப்பு-மஞ்சள் ஜெர்சி பாதிக் கூட்டம். அன்று மாலைதான் ஜோர்டான் கொரியாவை 2-2 என்று நிறுத்தியிருந்தது, அதனால் எல்லோருக்கும் தெம்பு: நம்மை நாலு போட்டவன் ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை! மூன்றாம் இடத்தில் வருகிற ஆறு அணிகளில் நாலு அடுத்த சுற்றுக்குப் போகும், ஒரு புள்ளி எடுத்தால்கூட கணக்கு உயிரோடு இருக்கும் என்று பக்கத்து மேசை மலாய்ப் பையன் சாப்பாட்டு ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினான்.

அந்த நம்பிக்கை வெறும் பைத்தியக்காரத்தனம் இல்லை. 1980க்குப் பிறகு தகுதிச்சுற்றில் ஜெயித்து ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தது இதுதான் முதல் முறை. 2007இல் உபசரணை நாடு என்பதால் உள்ளே போனோம். சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. இந்தத் தடவை 2022 ஜூனில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் வங்காளதேசத்தை 4-1 என்று அடித்து, நாமே சம்பாதித்து வாங்கிய டிக்கெட். பஹ்ரேனும் அதே தகுதிக் குழுவில்தான் இருந்தது, அப்போது 1-2 என்றுதான் தோற்றோம். தொட்டுவிடும் தூரம்தான் என்று எல்லோரும் நினைத்ததில் தப்பில்லை.

தொண்ணூறு நிமிடம் 0-0. கோல் காவலர் சிஹான் ஹஸ்மி பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் கல்லாவில் இருக்கிற பாயும் எழுந்து நின்றார். விரயமான நேரத்துக்கு ஈடாகச் சேர்க்கிற கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரசீதில் கணக்குப் போட்ட பையன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அப்போது எதிர்க் கடையிலிருந்து அந்த ஓலம் வந்தது. நம் திரையில் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. கடை முழுக்க ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பி, பிறகு மெதுவாகத் திரையைப் பார்த்தார்கள், நடக்கப்போவது தெரிந்தே. 95ஆம் நிமிடம், அலி மதான். முடிந்தது.

இனிமேல்தான் என் மதிப்பீடு.

ஒன்று, சத்தத்தைக் குறைத்தார்கள். யாரும் கேட்காமலேயே கல்லா பாய் ரிமோட்டை எடுத்து வர்ணனையாளரின் வாயை அடைத்தார். இது பெரிய பண்பு. முன்பு ஒரு கடையில் தோற்ற அடுத்த நிமிடமே பாட்டு நிகழ்ச்சிக்கு மாற்றினார்கள். அங்கே நான் பிறகு போகவில்லை. இரண்டு, யாரையும் எழுப்பவில்லை. காலியான கோப்பையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த மேசைகளில்கூட வந்து ‘வேற என்னண்ணே?’ என்று நச்சரிக்கவில்லை. சுடுதண்ணீர் கேட்டவருக்குக் காசு வாங்காமல் கொடுத்தார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் கடை கடையாக இருந்தது. முதலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ‘ஹபிஸ் லா’ (முடிஞ்சுது) என்று ஒருவர் சொன்னதும் எல்லா வாயும் திறந்தன. பயிற்சியாளர் கிம் பான் கோனை ஒரு மேசை திட்டியது, இன்னொரு மேசை ‘அந்த மனுஷன் இல்லன்னா கத்தாருக்கே போயிருக்க மாட்டோம்’ என்றது. குடியுரிமை கொடுத்து எடுத்த ஆட்டக்காரர்கள் வேண்டுமா வேண்டாமா என்பது வழக்கம்போல வந்தது. அந்த விவாதம் எந்த மாமாக் கடையிலும் முடிந்ததாக வரலாறு இல்லை. காற்பந்துச் சங்கத்தை எல்லா மேசையும் திட்டியது, அதில் மட்டும் தேசிய ஒற்றுமை.

தூணோரம் ஒரு வயதான தமிழரும் ஒரு சீனப் பெரியவரும் மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். 1980இல் மெர்டேக்கா அரங்கத்தில் கொரியாவை 2-1 என்று ஜெயித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோமே, அந்தக் கதை. சோ சின் ஆன், சந்தோக் சிங், கோல் கம்பத்தில் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம். தகுதி பெற்றும் புறக்கணிப்பால் மாஸ்கோ போகாமல் விட்டதைச் சொல்லும்போது சீனப் பெரியவர் மேசையைத் தட்டினார், நேற்று நடந்த மாதிரி. ஓர் இளவட்டம் குறுக்கே வந்தது: ‘அங்கிள், அது உங்க காலம்லா. நாங்க பாத்தது ராஜகோபால் ஒண்ணுதான்.’ 2010இல் கே. ராஜகோபால் பயிற்சியில் இந்தோனேசியாவை வீழ்த்தித் தூக்கிய ஆசியான் கிண்ணம். புக்கிட் ஜாலிலில் 3-0, ஜகார்த்தாவில் 1-2. பெரியவர்கள் இருவரும் அதற்கு மட்டும் தலையாட்டினார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து வந்து வேலை செய்கிற தம்பி ஒருவர் கோப்பைகளை எடுத்தபடியே என்னிடம் கேட்டார், ‘எண்ணே, போன தடவ நீங்க கப்பு வாங்குனீங்களா? இப்படி வருத்தப்படுறீங்களே?’ கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். போன தடவை உள்ளேயே போகவில்லை என்றேன். ‘அப்ப இது முன்னேற்றந்தானேண்ணே’ என்று சொல்லிவிட்டுத் தட்டோடு போய்விட்டார். அன்றைய வர்ணனைகளில் எனக்கு இதுதான் பிடித்தது.

கொரியா ஆட்டம் தைப்பூசத்தன்று மாலை ஏழரைக்கு. போட்டியிலிருந்து நாம் வெளியேறிவிட்டதால் பாதிக் கடை காலி. பத்துமலையிலிருந்து திரும்பிய சிலர் நெற்றியில் திருநீறோடு, மொட்டையில் சந்தனத்தோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தரவரிசையில் 130ஆவது அணி 23ஆவது அணியோடு ஆடுகிறது. பைசால் ஹலிம் சமன் செய்தார், அரிப் அய்மான் பினால்டியில் முன்னிலை கொடுத்தார், பிறகு கொரியா திருப்பி அடித்து, கூடுதல் நிமிடங்களில் சோனின் பினால்டியில் 3-2. சரி, எழுந்திருக்கலாம் என்று காசு எடுத்தபோது எதிர்க் கடை வெடித்தது. அன்றைக்கு அந்தத் தாமதம் வரமாக இருந்தது. நல்ல சேதி வருகிறது என்று தெரிந்துகொண்டு, தோசையைக் கீழே வைத்துவிட்டு, ரோமெல் மொராலெஸ் அடிக்கும்வரை நிதானமாகக் காத்திருந்து கத்தினோம். 105ஆம் நிமிடம், 3-3. கொரியப் பயிற்சியாளர் கிளின்ஸ்மன் சிரித்ததைத் திரையில் காட்டியபோது கடையே கைதட்டியது.

மூன்று ஆட்டம், ஒரு புள்ளி, குழுவில் கடைசி. இருந்தாலும் அன்றைக்குப் புறப்படும்போது எல்லோரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துவிட்டுப் போனார்கள், பெயர்கூடத் தெரியாமல்.

மற்ற விவரங்கள்: தே தாரிக் அப்போது 2 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு, ஆட்டம் உள்ள நாளிலும் அதே விலை. கழிவறைக்குப் போகாமல் இருக்க முடிந்தால் போகாதீர்கள். வண்டியை முச்சந்தி வளைவில் நிறுத்தினால் சம்மன் நிச்சயம், பின் சந்தில் இடம் உண்டு. குடும்பத்தோடு வரலாம், தோற்கும்போது காதில் விழுகிற மலாய், தமிழ், ஹொக்கியன் வசவுகளுக்கு நான் பொறுப்பில்லை. இணையப் பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரு தட்டு வைக்கச் சொல்லி பாயிடம் கேட்டாயிற்று. ‘பாக்கலாம் பாஸ்’ என்றார். ஐந்துக்கு மூன்றரை.

2024 மார்ச்சில் ஓமானோடு உலகக் கிண்ணத் தகுதியாட்டம் இரண்டு இருந்தன, 21ஆம் தேதி மஸ்கட்டில், 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில். அப்போது நோன்பு மாதம். இப்படி நோன்பு மாதத்தில் ஆட்டம் வந்தால், நோன்பு துறந்த கையோடு கூட்டம் அப்படியே இங்கே உட்கார்ந்துவிடும், அதனால் சீக்கிரம் வந்து வலது பக்க மேசையாகப் பிடியுங்கள்.