நகர வடிவமைப்போடு ஆர்க்கிடெக்சர் முதுகலை: முடித்து 5 வருடம் கழித்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் செம்பனை தெரியும். அப்பா பால் வெட்டிய காலத்தில் அதே இடத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர். எங்கள் வட்டாரத்திலிருந்து ஆர்க்கிடெக்சர் முதுகலை வரை போனவர்கள் அதிகமில்லை. அதனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் "அக்கா, எந்த யூனிவர்சிட்டி நல்லது?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் வலிக்கிறது. சரி, ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். மலேசியாவில் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள, 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக் கலைஞர்களுக்கான வாரியமான லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியாவில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று படிகள். இளங்கலை பார்ட் 1, முதுகலை பார்ட் 2, வேலை அனுபவத்துக்குப் பிறகு எழுதும் தேர்வு பார்ட் 3. நகர வடிவமைப்பில் மட்டும் முதுகலை வாங்கினால் அது பார்ட் 2 ஆகாது. சான்றிதழில் எம்.ஆர்க். (ஆர்க்கிடெக்சர் முதுகலை) என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தின் பார்ட்லெட் பள்ளியில் நகர வடிவமைப்புக்கு ஒரு எம்.ஆர்க். இருக்கிறது, பார்ட் 2-க்கான எம்.ஆர்க். அங்கேயே தனியாக இருக்கிறது. நான் முதலாவதற்குத்தான் விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரே வருடத்தில் முடிந்துவிடும் என்ற ஆசை. அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இது லெம்பாகா லிஸ்ட்ல இருக்கா?" என்று கேட்டார். அன்று இரவு லெம்பாகா அங்கீகரித்த படிப்புகளின் அந்தப் பட்டியலை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். பாரத்தை மூடினேன்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் மனதில் இருந்தது. 2 வருடம், 120 கிரெடிட், நகரியலுக்கென்றே தனிப் பிரிவு. ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கான கட்டணத்தை வெள்ளியில் (ரிங்கிட்டில்) பெருக்கிப் பார்த்த பிறகு அதுவும் போனது. இளங்கலைக்கு வாங்கிய பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனே அப்படியே கிடந்தது. கடைசியில் உள்நாட்டிலேயே, பட்டியலில் இருந்த ஒரு 2 வருட எம்.ஆர்க்.

கையேட்டில் 'நகர வடிவமைப்பில் சிறப்புக் கவனம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே போனால், நான்கு ஸ்டூடியோவில், அதாவது வடிவமைப்புப் பயிற்சி வகுப்பில், ஒன்றுதான் நகரம். மற்ற மூன்றும் வழக்கமான கட்டடம். அந்த ஒன்றையும் நடத்திய விரிவுரையாளர் பாதியில் கிளம்பிவிட, வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். 7 வார வேலை குப்பைக்கு. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் அந்த ஒரு ஸ்டூடியோதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். 1748-இல் நொல்லி என்பவர் ரோமுக்கு ஒரு வரைபடம் போட்டார். கட்டடங்கள் கறுப்பு, தெரு, சதுக்கம், தேவாலயத்தின் உட்புறம் என்று ஜனங்கள் நுழையக்கூடிய இடமெல்லாம் வெள்ளை. அதே முறையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு டவுனை வரையுங்கள் என்றார்கள். வகுப்பில் பாதிப் பேர் ஜார்ஜ் டவுன். நான் சுங்கை சிப்புட்டை எடுத்தேன். கடைத்தெருவில் கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையை வெள்ளையாக விட்டபோது நன்றாகத்தான் வந்தது. தோட்டத்துப் பக்கம் போனதும் தாளில் போட ஒன்றுமில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள்.

தீபாவளி விடுமுறையில் அந்த ஏ1 தாளை வீட்டு சிமெண்டுத் தரையில் விரித்தேன். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, நம்ம லயம் எங்க?" என்றார். பென்சிலைக் கொடுத்தேன். முதலில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், அப்புறம் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, கோயில், கோயிலுக்குக் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை. லயங்களை ஒன்றோடொன்று ஒட்டி வரைந்தார். ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்டேன். "அவசரகாலத்துல எல்லாத்தையும் ஒரே முள்வேலிக்குள்ள கொண்டாந்து வெச்சாங்களாம், தாத்தா சொல்வாரு." 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் தொடங்கியதே எங்கள் ஊர்த் துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்கள், சுடப்பட்டதிலிருந்துதான். பள்ளியில் படித்ததுதான், ஆனால் அது என் தாத்தா வீட்டுச் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்த விஷயம் என்று அதுவரை தோன்றியதில்லை.

வேலைக்கு வந்த பிறகு எது பயன்பட்டது? தாமான் (குடியிருப்புப் பகுதி) லேஅவுட் மேசைக்கு வரும்போது அந்தக் கறுப்பு வெள்ளைக் கண்தான் முதலில் திறக்கிறது. திறந்தவெளிக்கு 10 விழுக்காடு விட வேண்டும் என்பதால் விட்டிருப்பார்கள். எங்கே? கால்வாய்க்கும் மின் துணைநிலையத்துக்கும் நடுவில், வீடு கட்ட முடியாத முக்கோணத்தில். கணக்கு சரியாக இருக்கும், அங்கே எந்தப் பிள்ளையும் பந்து விளையாடாது. இதை எடுத்துச் சொல்லி அந்த முக்கோணத்தை வீடுகளுக்கு நடுவே நகர்த்தவைத்தது இதுவரை இரண்டு தடவை. 5 வருடத்தில் இரண்டு.

சொல்லித் தராதது நிலச் சட்டம். தோட்டத்து நிலம் விவசாயப் பட்டாவிலிருந்து கட்டட நிலமாக மாறும் நடைமுறை தேசிய நிலச் சட்டத்தில் இருக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களின் தலையெழுத்தே அதில்தான். ஸ்டூடியோவில் யாரும் அதைத் திறக்கவில்லை. நானாக அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் பார்ட் 2 உள்ள படிப்புக்கே போவேன். பார்ட் 3 முடித்த பிறகு வெளிநாட்டு நகர வடிவமைப்புக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த இடமானாலும், கையெழுத்துப் போடும் முன் கடைசி 3 வருட ஸ்டூடியோ எந்தெந்த ஊரை எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூர், ஜார்ஜ் டவுன், மலாக்கா என்றே பட்டியல் ஓடினால், உங்கள் ஊரை நீங்களேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். நான் தூக்கிக்கொண்டு போனேன், அப்பாவின் பென்சில் கோடுகளை அழிக்காமலே. பி பிளஸ் போட்டார்கள்.