50 எம்எம்மை முதல் லென்ஸாக வாங்கச் சொல்பவர்களுக்கு

கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸ் சர்வீஸ் முடிந்து போன வாரம்தான் வந்தது. ஜூம் வளையத்தைத் திருகித் திருகி உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிள் அறுந்துவிட்டது. 18இல் வைத்தால் படம் விழும், 35ஐத் தாண்டினால் எரர். பல கம்பெனி 18-55க்கும் வருகிற வியாதிதான், அதனால் பேரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கோயமுத்தூரில் சர்வீஸ் கடைக்காரர், "இதுக்கு ஆகற காசோட கொஞ்சம் மேல போட்டா செகண்ட்ஸ்ல ஒண்ணு வாங்கிப்போடலாமுங்க" என்று நியாயமாகத்தான் சொன்னார். இதையே சரி பண்ணிக் கொடுங்க என்று விட்டுவிட்டு வந்தேன். பார்ட்ஸ் வர இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் வைகாசி முகூர்த்தம் எல்லாம் வந்து போய்விட்டன. கையில் மிச்சம் இருந்தவை 50 எம்எம் 1.8, அப்புறம் தூரத்தை இழுக்கிற டெலி ஜூம் ஒரு 70-300. எம்எம் ஏற ஏறப் பார்வை குறுகும். 1.8 என்பது எஃப் எண், அது சின்னதாக ஆக லென்ஸின் வாய் அகலமாகத் திறந்து வெளிச்சம் அதிகம் வாங்கும். ஆகவே இங்கே எழுதப்போவது பெரும்பாலும் 50ஐப் பற்றித்தான்.

கேமரா வாங்கின எவரிடமும் முதலில் சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு. "கிட் லென்ஸைத் தூக்கிப் போடு, ஒரு 50 வாங்கு, விலையும் கம்மி, பின்னாடி எல்லாம் அப்படியே உருகி நிக்கும்." சொல்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஃபிலிம் காலத்தில் கேமராவோடு சேர்ந்து வந்ததே 50தான். அந்த ஃபிலிமின் அகலம் 36 மில்லிமீட்டர். ஆரம்பத்தில் நாம் வாங்குகிற கேமராக்களில், ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் விழுகிற சென்சாரின் அகலம் சுமார் 23.5 மில்லிமீட்டர். அதே 50ஐ இதில் மாட்டினால் ஃபிலிமில் 75 காட்டுகிற அளவுக்குத்தான் பார்வை கிடைக்கும். ஃபிலிமுக்குச் சரியாக இருந்த யோசனை, சென்சார் சுருங்கின பிறகும் சுருங்காமல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நிற்கிற ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை, மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்க வேண்டும். 50இல் நாலேகால் மீட்டர் பின்னால் போக வேண்டும். 35 என்றால் மூன்று மீட்டர். கிட் லென்ஸின் 18இல் ஒன்றரை மீட்டர் போதும். நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம்தான் சகஜம். பன்னிரண்டு அடி என்பது 3.65 மீட்டர். சுவரோடு சுவராக முதுகை ஒட்டி நின்றாலும் எதிர்ச் சுவரில் நிற்கிறவருக்குக் காலோ தலையோ போய்விடும். பங்காளிகள் பத்துப் பேர் தோளோடு தோள் நின்றால் ஐந்து மீட்டர் அகலம். 50இல் அவர்களை அடக்கப் பத்தரை மீட்டர் பின்னால் போக வேண்டும். பழைய தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில் கூட நெட்டுவாக்கில் நின்றால்தான் அவ்வளவு கிடைக்கும்.

கல்யாண மண்டபத்தில் இடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது நமக்கு இல்லை. சடங்கை நடத்துகிற அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருக்கும்போது மணவறையைச் சுற்றி ஒரு வட்டம், அதற்கு வெளியே சொந்தக்காரர்களின் செல்போன் வட்டம், நடுவில் வீடியோக்காரர் லைட்டோடு. நாலேகால் மீட்டர் தள்ளி நின்றால் படத்தில் முக்கால்வாசி வீடியோக்காரரின் முதுகு. கிட் லென்ஸ் இருந்தால் வட்டத்துக்குள் புகுந்து, தரையில் உட்கார்ந்து, 18இல் மொத்தத்தையும் வாரிக்கொண்டு வரலாம். பந்தியில் இன்னும் மோசம். எதிர் வரிசை இலைக்கும் நமக்கும் நடுவில் சாம்பார் வாளி போக வர இருக்கிறது. ஒதுங்க வழியில்லை.

சரி, அந்த 1.8க்காகத்தானே வாங்கினோம் என்றால், அதிலும் ஒரு சங்கடம். இரண்டு மீட்டர் தூரத்தில் 1.8இல் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் பதினொரு சென்டிமீட்டர் சுமார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே கோட்டிலா உட்காருகிறார்கள்? ஒருவர் முன்னால் சாய்ந்தால் இன்னொருவர் மங்கிவிடுகிறார். சித்தி மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை கண்ணிமை வரைக்கும் கூர்மை. படத்தைப் பார்த்த சித்தி கேட்டது: "ஏங் கண்ணு, எம்புள்ள மூஞ்சி மட்டும் ஏன் இப்படி அலங்கமலங்கலா கெடக்குது?" என்ன பதில் சொல்வது? எஃப் 4க்குச் சுருக்கினால் ஆழம் கால் மீட்டராகிவிடும், இருவரும் அடங்குவார்கள். ஆனால் எஃப் 4 என்பது கிட் லென்ஸே ஏறக்குறையத் தருவதுதான், 35 பக்கத்தில் அது 4.5ஐ ஒட்டித் திறக்கும். பிறகு எதற்காக 50 என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

கிட் லென்ஸை எல்லோரும் இளக்காரம் பேசுவதால் ஒன்று சொல்லியாக வேண்டும். அசையாத பொருள் என்றால் இருட்டில் அதுதான் ஜெயிக்கிறது. அதில் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி இருக்கிறது. என் 50இல் இல்லை, கேமரா உடம்பிலும் இல்லை. பழைய வீட்டில் மரத்தூண் உச்சியில் இருக்கிற போதிகையை 18இல், எஃப் 3.5, பத்தில் ஒரு செகண்ட், கையிலேயே பிடித்து எடுத்துவிடலாம். 50இல் எண்பதில் ஒரு செகண்டுக்குக் கீழே போனால் ஆட்டம் தெரியும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 1.8 இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கொடுத்தால், ஷட்டர் மூன்று ஸ்டாப்பைப் பிடுங்கிக்கொள்கிறது. ஈரோடு பெரிய மாரியம்மன் கோவில் கம்பத்தைக் காவிரிக்குக் கொண்டுபோகிற நாளில் கூட்டம் நெருக்க, மஞ்சள் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது. அன்றைக்கு 18 இல்லாமல் ஒன்றும் நடக்காது. பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றிக்கொள்ளுங்கள், இந்த விலை லென்ஸ் எதுவும் தண்ணீரைத் தாங்காது.

70-300 பற்றிச் சுருக்கமாக. திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு, 2024இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே குளம், காலையில் நேரத்தோடு போனால் படம் தேறும். வெயில் ஏறினதும் தண்ணீர் மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். அப்போது எடுத்த நாரை எல்லாம் கலங்கித்தான் இருக்கும், லென்ஸைத் திட்டிப் புண்ணியமில்லை. பறவை, மாட்டுச் சந்தை இரண்டிலும் ஆசை இல்லாதவர்கள் இதை ஒத்திப்போடலாம். ஆடிக்காற்றில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் கொண்டுபோனால் அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். புழுதி சென்சாரில் உட்கார்ந்துகொண்டு அடுத்து எடுக்கிற ஒவ்வொரு வானத்திலும் புள்ளி வைக்கும்.

மறுபடியும் 50க்கு வருகிறேன். கிட் லென்ஸ் கடையில் கிடந்தபோது பக்கத்து ஊரில் வள்ளி கும்மி ஆட்டத்தின் அரங்கேற்றம். ராத்திரி, மைதானம், நாலு மூலையிலும் எல்இடி கம்பம். 70-300ஐ மாட்டினால் எஃப் 5.6இல் ஐஎஸ்ஓ 12800 கேட்கிறது. ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் வெளிச்ச உணர்வு, ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும். 50ஐ எஃப் 2இல் வைத்தால் அதே வெளிச்சத்துக்கு 1600 போதும். ஷட்டரை ஐந்நூறில் ஒரு செகண்டுக்கு ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழுந்தது. கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு செகண்டுக்கு நூறு தடவை துடிக்கிறது. நூறில் ஒரு செகண்டுக்கு இறக்கினதும் பட்டை போய்விட்டது. நூறில் ஒன்று ஆட்டத்துக்கு மெதுவுதான். ஆனால் கும்மியில் குனிந்து நிமிர்ந்து கை தட்டுகிற அந்த நொடியில் உடம்பு நின்றுவிடுகிறது. பாட்டை இரண்டு சுற்றுக் கேட்டால் தட்டு எப்போது விழும் என்று விரலுக்குப் பிடிபட்டுவிடும். அங்கே பின்னால் போக இடம் தாராளம், நாலேகால் மீட்டர் என்ன, நாற்பது மீட்டரும் போகலாம். வரிசையில் ஒரு பாட்டி, பேத்தி வயசுப் பெண்களோடு ஒரே மாதிரிச் சேலையில் ஆடிக்கொண்டிருந்தார். வேர்வையும் சிரிப்புமாக அந்த முகத்தை மற்ற இரண்டு லென்ஸும் தந்திருக்காது. கிட் லென்ஸின் 55 முனையும் பார்வையில் கிட்டத்தட்ட இதே அளவுதான், ஆனால் 5.6இல் அது அந்த ராத்திரிக்கு எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வாங்கும்.

நடுவில் கல்யாண போட்டோ எடுக்கிற நண்பரிடம் 35 எம்எம் 1.8ஐ இரவல் வாங்கிச் சில விசேஷங்களுக்குப் போனேன். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ரூமுக்குள் அடங்குகிறது, வெளிச்சம் வாங்குகிறது, நடந்து போய் முன்னே பின்னே சரி செய்துகொள்ள முடிகிறது. எடுத்த படங்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக் காட்டு என்றால் எதை என்று தெரியவில்லை, எல்லாமே சரியாக இருந்தன. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா பையன் இப்போதுதான் 18-55ஓடு கேமரா வாங்கியிருக்கிறான். போனில் கேட்டான்: "ஏனுங் மாமா, அடுத்தது 50ஆ, 35ஆ?" மேலே உள்ள கணக்கை எல்லாம் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு 35 வாங்கு, டெலி ஜூமை ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம், 50 பக்கமே போகாதே என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க 35 வாங்கிக்குங்க மாமா, அந்த 50ஐ எனக்குக் குடுத்துருங்க" என்கிறான்.

அதெல்லாம் முடியாது மாப்ள என்று சொல்லிவிட்டேன். பழைய 35 பார்க்கப் போனால் டார்ச் எடுத்துப்போய், பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து, உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை இருக்கிறதா பார்த்து வாங்கு, வால்பாறைப் பக்கம் மழையில் கிடந்த லென்ஸ் என்றால் ரெண்டு தரம் பார் என்றேன்.