ஜைக்செல் என்எஸ்ஏ325: பெட்டி பழசு, பூட்லோடர் புதுசு

மச்சான் ஜெர்மனியில் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பும்போது தூக்கிப் போட மனசு வராமல் சூட்கேஸில் துணிக்கு நடுவே திணித்துக் கொண்டு வந்த பெட்டி இது. "வேலை செஞ்சா நீ வச்சுக்கோ மாப்ள, இல்லைன்னா பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பேரீச்சம்பழத்துக்குப் போடவில்லை. இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டி, ஒரு தடவை சாகடித்து, திரும்ப உயிர் கொடுத்து, இப்போது வீட்டில் எல்லோருடைய போட்டோவும் அதில்தான் இருக்கிறது. இதே மாதிரி பழைய நாஸ் (டிஸ்க் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்கிற பெட்டி) ஒன்று பரணில் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. என்எஸ்ஏ325, இரண்டு 3.5 இன்ச் டிஸ்க் போடலாம். உள்ளே மார்வெல் கிர்க்வுட் வகைச் சிப், 88எஃப்6282, 1.6 ஜிகாஹெர்ட்ஸ். 512 எம்பி ராம், பூட்லோடரும் ஃபர்ம்வேரும் குடியிருக்க 128 எம்பி நேண்ட் ஃபிளாஷ், ஒரு கிகாபிட் நெட்வொர்க் போர்ட். முன்னால் ஒரு யூஎஸ்பி 3.0, பின்னால் இரண்டு 2.0. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு இது போதும். அந்தக் காலத்தில் வந்த வீட்டு நாஸ்களில் பல 128, 256 எம்பி ராமோடு தவித்துக்கொண்டிருந்தபோது இதில் 512 வைத்தது பெரிய விஷயம், இப்போது லினக்ஸ் போடும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

அப்புறம் ஏன் இருந்த ஃபர்ம்வேரையே வைத்துக்கொள்ளவில்லை என்றால், அதிலிருந்த லினக்ஸ் கெர்னல் 2.6.31, அதாவது 2009-ல் வெளியானது. அதுகூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். 2020 பிப்ரவரியில் வெளியான சிவிஇ-2020-9054 என்ற ஓட்டையை அப்படி விட முடியாது. லாகின் பக்கத்தில் யூசர்நேம் போடுகிற இடத்தில் கமாண்டைத் திணித்தால், பாஸ்வேர்டே இல்லாமல் பெட்டி அதை ஓட்டிவிடும். ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. மிராயி வகை மால்வேர் ஒன்று அதை வைத்தே பெட்டிகளைப் பிடித்தது. நிறுவனம் அப்போது ஆதரவில் இருந்த மாடல்களுக்கு அப்டேட் கொடுத்தது, 325-க்கு ஆதரவுக் காலம் முடிந்துவிட்டிருந்ததால் அது அந்தப் பட்டியலில் இல்லை, நேரடியாக இன்டர்நெட்டில் விடாதீர்கள் என்ற அறிவுரையோடு சரி. பத்து வருஷப் பெட்டிக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமா என்று எனக்கே சந்தேகம்தான். இதற்கு மேல் விண்டோஸ் தரப்பிலும் ஒரு சிக்கல் உண்டு: 1709 பதிப்பிலிருந்து புதிதாகப் போடும் விண்டோஸ் 10-ல் எஸ்எம்பி1 (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறை) தானாக நிலைக்காது, பழைய பெட்டிகளோ அதில்தான் பேசும். ஆக, ஹார்டுவேர் கல்லு மாதிரி இருக்கிறது, சாஃப்ட்வேர்தான் செத்துவிட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைப் போட்டுவிடலாம் என்று முடிவு.

இங்கேதான் எல்லோருக்கும் ஒரு குழப்பம் வரும். லினக்ஸ் போடுவது ஒரு வேலை, பூட்லோடரை (பவர் போட்டதும் முதலில் ஓடி லினக்ஸை எழுப்பிவிடும் சின்ன புரோகிராம்) மாற்றுவது வேறொரு வேலை. பழைய பூட்லோடரைத் தொடாமலேயே டெபியனை ஓட்ட வழிகள் உண்டு. நானும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் ஓட்டினேன், பயம். ஆனால் பெட்டியோடு வந்த பூட்லோடர், மார்வெல் தன் சிப்போடு கொடுத்த யு-பூட் (பூட்லோடரின் பெயர்) 1.1.4 என்ற அரதப் பழசிலிருந்து வந்தது, 2005 கால சரக்கு. டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு தடவை கெர்னல் அப்டேட் வரும்போதும் அந்தப் பட்டியல் இருக்கும் டிடிபி ஃபைலைக் கெர்னலின் வாலில் ஒட்டி, மறுபடி யு-பூட்டுக்குப் புரியும் யு-இமேஜாகக் கட்டி வைக்க வேண்டும். பூட் பார்ட்டிஷன் ஈஎக்ஸ்டி2 ஆக இருந்தால்தான் பேசும். ஜிபிடி (பெரிய டிஸ்க்குகளுக்கான பார்ட்டிஷன் முறை) டிஸ்க் புரியாது, அப்படியென்றால் 2 டிபிக்கு மேலே உள்ள டிஸ்க்கிலிருந்து பூட் செய்வதை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு தடவை அப்டேட் செய்துவிட்டு டிடிபி ஒட்ட மறந்து, பெட்டி எழுந்திருக்காமல் போய், பென்டிரைவைக் கழற்றி லேப்டாப்பில் செருகிச் சரிசெய்தபோதுதான் இது சரிப்படாது என்று தோன்றியது.

கிர்க்வுட் பெட்டிகளுக்கென்றே யு-பூட் 2017.07-ஐ வைத்து ஆர்வலர்கள் தயார் செய்து கொடுத்திருக்கும் பதிப்பு ஒன்று உண்டு. அரை எம்பி ஃபைல், அவ்வளவுதான். இதில் ஜிபிடி, ஈஎக்ஸ்டி4, டிவைஸ் ட்ரீ எல்லாம் புரியும், யூஎஸ்பியிலிருந்தும் சாட்டாவிலிருந்தும் பூட் ஆகும். உங்கள் மாடலுக்கு என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: கிர்க்வுட்டில் பூட்லோடர் ஃபைலின் தலைப்பகுதியிலேயே அந்தப் போர்டின் ராமை எப்படி எழுப்புவது என்ற செட்டிங் எழுதியிருக்கும். பக்கத்து மாடலின் ஃபைலைப் போட்டால் ராம் எழாது, ராம் எழாவிட்டால் திரையில் ஒரு எழுத்துகூட வராது.

பூட்லோடர் பேசுவதை லேப்டாப் திரையில் பார்க்க உதவும் சீரியல் கேபிள் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் அது இல்லாமல் இறங்குவது கயிறில்லாமல் கிணற்றில் இறங்குவதுதான். யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் என்று கேட்டால் கிடைக்கும், எனக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. 3.3 வோல்ட் இருக்க வேண்டும். நான் வாங்கின கடையில் "எல்லாம் 3.3 தான் சார்" என்று அடித்துச் சொன்னார்கள், வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஐந்து வோல்ட் காட்டுகிறது. குட்டியாக ஒரு ஜம்பர் இருந்தது, அதை மாற்றிப் போட்டபின் சரியானது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகியிருந்தால் சிப் போயிருக்கும், இந்த விமர்சனமும் இருந்திருக்காது. பெட்டிக்குள் போர்டில் பின் வரிசை தயாராகவே இருக்கிறது, சால்டரிங் வேலை தேவைப்படவில்லை. கிரவுண்ட், ஆர்எக்ஸ், டிஎக்ஸ் மூன்றை மட்டும் இணைத்து, மின்சாரம் தரும் விசிசி பின்னை அப்படியே விட்டுவிடுங்கள். எந்தப் பின் எது என்று யாரோ போட்ட படத்தை நம்பாமல், கிரவுண்டை மட்டுமாவது மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். வேகம் 115200. திரையில் எழுத்து வராவிட்டால் பத்தில் ஒன்பது தடவை ஆர்எக்ஸும் டிஎக்ஸும் மாறியிருக்கும்.

ஃபிளாஷ் செய்வதே மூன்று நிமிஷ வேலை. டெபியனை ஒரு பென்டிரைவில் ஏற்றி (ரூட் ஆக இருந்து பிரித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல்களின் உரிமையெல்லாம் குழம்பிவிடும், பார்ட்டிஷனுக்கு ரூட்எஃப்எஸ் என்று லேபிள் வைக்க வேண்டும்), அதில் பூட் ஆகி, ஃபிளாஷின் முதல் ஒரு எம்பியில் பேட் பிளாக் (கெட்டுப்போன பகுதி) இருக்கிறதா என்று கெர்னலின் பதிவான டிமெசேஜில் பார்த்து, இருக்கிற பூட்லோடரை பேக்கப் எடுத்து, பழைய யு-பூட் என்விரான்மென்ட் (அதன் செட்டிங்குகள்) முழுவதையும் ஒரு ஃபைலில் சேமித்துவிட்டு, ஃபிளாஷில் பூட்லோடர் இருக்கும் எம்டிடி0 பகுதியின் முதல் நான்கு பிளாக்கை அழித்து, புதியதை நேண்ட்ரைட் கமாண்டால் எழுத வேண்டும். பிளாக் ஒன்று 128 கேபி, நான்கு பிளாக் அரை எம்பி, கணக்கு சரி. எங்கள் ஏரியாவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் இன்வெர்ட்டர் லைனில் செருகி, காலையில் உட்கார்ந்தேன்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் செய்த கூத்தைக் கேளுங்கள். அழி, எழுது, ரீபூட் செய் என்று மூன்று கமாண்டையும் செமிகோலன் போட்டு ஒரே வரியில் ஒட்டினேன். டவுன்லோட் செய்த ஃபைலின் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம். அழித்தது. எழுதப் போய் "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்றது. அதைப் படித்து முடிப்பதற்குள் ரீபூட்டும் ஆகிவிட்டது. அவ்வளவுதான், திரை கறுப்பு, விளக்கு எரிகிறது, பேச்சில்லை. செமிகோலனுக்குப் பதில் இரண்டு ஆம்பர்சண்ட் போட்டிருந்தால் எழுத முடியாத இடத்திலேயே நின்றிருக்கும். உண்மையில் மூன்றையும் தனித்தனியாக அடித்து, ஒவ்வொன்றின் பதிலையும் படித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும். இருபது வருஷமாக லினக்ஸ் ஓட்டுகிறேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான்.

கிர்க்வுட்டின் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது. சிப்புக்குள்ளேயே பூட்ரோம் என்று ஒன்று இருக்கிறது, அதை யாராலும் அழிக்க முடியாது. பவர் போட்டவுடன் சீரியல் லைனில் ஒரு குறிப்பிட்ட எட்டு பைட் வரிசை வருகிறதா என்று அது காது கொடுத்துக் கேட்கும், வந்தால் பூட்லோடரை அந்த லைன் வழியாகவே வாங்கி ராமில் ஏற்றிக்கொள்ளும். யு-பூட்டோடு வருகிற கேடபிள்யூபூட் என்ற கருவி இதைத்தான் செய்கிறது. லேப்டாப்பில் அதை ஓடவிட்டு, பிறகு பெட்டியின் பவரைப் போட வேண்டும். முதல் மூன்று தடவை ஒன்றும் நடக்கவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்காவது தடவை சதவீதம் ஓட ஆரம்பித்தது. அரை எம்பி போக ஒரு நிமிஷம், அதைப் போல நீளமான நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. யு-பூட் பிராம்ப்ட் வந்ததும் அதிலிருந்து பென்டிரைவ் டெபியனை எழுப்பி, இந்தத் தடவை ஒவ்வொரு கமாண்டாக அடித்து முடித்தேன். பழைய காலத்துக் கிர்க்வுட் பெட்டிகள் சிலவற்றில் பூட்ரோமின் முந்தைய பதிப்பு இருக்கும், அதில் இந்தச் சீரியல் வழி சரியாக வேலை செய்யாது. உங்கள் பெட்டி எந்த வகை என்று பார்க்காமல் என்னைப் போல விளையாடாதீர்கள்.

ஃபிளாஷ் செய்தபின் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புதிய யு-பூட் தனக்கென்று ஒரு பொது மேக் முகவரியோடுதான் வரும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள உண்மையான முகவரியை ஈத்அட்ர் என்ற செட்டிங்கில் எழுதிச் சேமிக்க வேண்டும். ஒரே நெட்வொர்க்கில் இப்படி இரண்டு பெட்டி வைத்து இரண்டிலும் அதை மறந்தால் ரூட்டர் எதற்கு எந்த ஐபி கொடுப்பது என்று தெரியாமல் முழிக்கும், நீங்கள் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மாடலின் டிடிபி ஃபைல் பெயரையும் என்விரான்மென்ட்டில் சரியாகக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு கெர்னல் மாற்றுவது தலைவலி இல்லை.

இப்போது எப்படி ஓடுகிறது என்றால், சாம்பாவில் (விண்டோஸோடு ஃபைல் பகிரும் புரோகிராம்) பெரிய ஃபைல் எடுத்தால் விநாடிக்கு அறுபது எம்பி பக்கம் வருகிறது, எழுதும்போது அதைவிடக் குறைவு. எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்பினால் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கிவிடும், என்கிரிப்ஷன் இந்தச் சிப்பின் முதுகை உடைக்கிறது, அதனால் வீட்டுக்குள் பேக்கப் எடுக்க ஆர்சிங்க்கை என்கிரிப்ஷன் இல்லாத டீமனாக (பின்னணியில் ஓடும் புரோகிராம்) வைத்துவிட்டேன். மினிடிஎல்என்ஏ வைத்து டிவியில் படம் பார்க்கிறோம், டோரன்ட்டுக்கு டிரான்ஸ்மிஷன் ஓடுகிறது, ராமில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. பத்து வருஷத் தூசியை ஊதிவிட்ட பிறகு ஃபேன் சத்தமும் தொந்தரவில்லை. ஆனால் இதில் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் போட்டு வீடியோவை மாற்றிக் காட்டலாம் என்று கனவு காணாதீர்கள். இது ஏஆர்எம்வி5 என்ற பழைய சிப் வகை, ஃப்ளோட்டிங் பாயின்ட்டுக்குத் (தசமக் கணக்குக்கு) தனி ஹார்டுவேரே கிடையாது. நோட் ஜேஎஸ் மேல் நிற்கும் எதுவும் ஓடாது. ராஸ்பெர்ரி பைக்கு என்று வரும் ஆர்ம்ஹெச்எஃப் புரோகிராம்களும் இதில் நடக்காது, டெபியனில் ஆர்மெல் என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன், காரணம் அந்த ஆர்மெல்தான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் ஆர்மெல்லுக்கு இன்ஸ்டாலர் கிடையாது, அவர்கள் தரும் கெர்னலும் ராஸ்பெர்ரி பை 1, ஸீரோ, ஸீரோ டபிள்யூ மூன்றுக்கு மட்டும்தான், அதோடு ஆர்மெல் முடிகிறது. கிர்க்வுட்டுக்கு ஆர்வலர்கள் கட்டித் தரும் கெர்னலை நம்பித்தான் நான் ஓட்டுகிறேன், அவர்கள் எத்தனை நாளைக்குச் செய்வார்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஓசியில்தானே வாங்குகிறேன். ரூட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டியிலும் இந்தப் பெட்டிக்கு ஆதரவு இருக்கிறது, டெபியன் கைவிட்டால் அடுத்து அங்கே குடிபோகலாம். 32 பிட் என்பதால் ஒரே ஃபைல்சிஸ்டம் 16 டிபியைத் தாண்ட முடியாது என்ற வரம்பும் உண்டு, என் டிஸ்க்கோ 4 டிபி, அந்தக் கவலை வர இன்னும் நாள் இருக்கிறது.

ஆனால் வீட்டில் சும்மா கிடந்தால் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஒரு டிஸ்க் போட்டால் பத்துப் பதினைந்து வாட்தான் இழுக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டாலும் கரண்ட் பில் உறைக்காது. ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பெட்டிக்கு மூன்று, புதிய யு-பூட்டுக்கு ஐந்து, எனக்கு ஒன்று. மூடியை இன்னும் திருகிப் பூட்டவில்லை. சீரியல் ஒயர் மூன்றும் இடுக்கு வழியாக வெளியே தொங்கிக்கொண்டிருக்கின்றன, அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் தினமும் திட்டு, கழற்றத்தான் தைரியம் வரவில்லை.