காசு கொடுத்து காலேஜ் விசிட் போகாதீர்கள், 4,800 டாலர் போன எரிச்சலில் எழுதுகிறேன்

என் மகளுக்குக் கல்லூரி டென்னிஸ் கோச்சுகளைப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்று பணம் வாங்கிய ஆள் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இனி நான் வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு காரணமும் இல்லை. 4,800 டாலர். நியூஜெர்சியில் டென்னிஸ், நீச்சல், ஃபென்சிங் என்று சனி ஞாயிறு முழுக்கப் பிள்ளைகளோடு அலைகிற நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களுக்காகத்தான் இது.

என் மகள் பதினோராம் வகுப்பு. எட்டு வயதிலிருந்து டென்னிஸ். அக்டோபரில் ஒரு டோர்னமென்ட்டில் 6-4, 6-4 என்று தோற்றுவிட்டு, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் அவர் வந்தார். "அக்கா, தமிழா?" கல்லூரி விளையாட்டு அணிகளில் சேர வழிகாட்டும் நிறுவனம் நடத்துகிறாராம். கையில் ஒரு சின்ன நோட்டு, அதைத் திறந்து காட்டினார். மேலே என் மகளின் பெயர், கீழே பச்சை மையில் "இரண்டாவது சர்வ் பலவீனம், கால் வேகம் அருமை, 4-4இல் பயப்படவில்லை". முன்பின் தெரியாத ஒருவர் ஒரு மேட்ச் முழுக்க உட்கார்ந்து என் பெண்ணைக் கவனித்திருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு பக்கத்தில்தான் நான் விழுந்தேன். "நம்ம பசங்களுக்கு இங்க வழி சொல்ல ஆளே இல்லக்கா" என்றார். அது உண்மை என்பதால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

2025 ஜூனில், கல்லூரி விளையாட்டு வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது. அதை வைத்தே பயமுறுத்தினார். "பத்து இடம்தான்கா, நவம்பருக்குள்ள நேர்ல போய் நிக்கலைன்னா வேற யாராவது எடுத்துடுவாங்க." நான்கு கல்லூரி, நான்கு நாள், ஒவ்வொன்றிலும் கோச்சுடன் சந்திப்பு உறுதி, எல்லாம் சேர்த்து 4,800 டாலர், ஹோட்டலும் பெட்ரோலும் நம் செலவு. கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூட ஆகும், வங்கியிலிருந்து நேராக அனுப்பிவிடுங்கள் என்றார். வீட்டுக்காரர் ரெண்டு நாள் பொறு என்றார், நான் கேட்கவில்லை. அன்று ராத்திரியே அனுப்பிவிட்டேன்.

நவம்பர் இரண்டாம் வாரம் கிளம்பினோம். முதல் ஊர் மேரிலாண்டில். ஒரு மாணவர் பின்பக்கமாகவே நடந்துகொண்டு நாற்பது பேருக்கு லைப்ரரியையும் சாப்பாட்டு ஹாலையும் காட்டினார். அது அட்மிஷன் ஆபீஸ் இலவசமாக நடத்தும் டூர், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் போகலாம். கோச் மதியம் பார்ப்பார் என்று மெசேஜ் வந்தது. கோர்ட் வேலிக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றோம். நல்ல குளிர். என் மகள் ராக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை, கீழே வைத்தால் தயாராக இல்லாத மாதிரி இருக்கும் என்றாள். கடைசியில் ஒரு உதவி கோச் வெளியே வந்தார். "இது டெட் பீரியட், உங்களோடு நின்று பேசக்கூட எனக்கு அனுமதி இல்லை, மன்னிக்கவும்" என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. நவம்பரில் மாணவர்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையெழுத்துப் போடத் தொடங்கும் வாரத்தில், திங்கள் முதல் வியாழன் வரை டிவிஷன் 1, அதாவது விளையாட்டில் முதல் நிலைக் கல்லூரிகளின் கோச்சுகள், சேர வரும் எந்த மாணவரையும் நேரில் சந்திக்கக் கூடாது, அதுதான் டெட் பீரியட். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் காலண்டரிலேயே போட்டிருக்கிறது, அன்று ராத்திரி ஹோட்டலில்தான் தேடிப் பார்த்தேன். எங்களுக்குப் போட்டுக் கொடுத்ததும் அதே திங்கள் முதல் வியாழன்தான்! இரண்டாவது ஊர் வர்ஜீனியா, அங்கேயும் இதே கதை.

மூன்றாவது வட கரோலினாவில் ஒரு சின்ன கல்லூரி, டிவிஷன் 3, அதாவது விளையாட்டில் மூன்றாம் பிரிவு. அங்கே அந்தத் தடை இல்லை. கோச் தானாகவே வந்து பத்து நிமிடம் அன்பாகப் பேசினார், என்ன பிரயோஜனம், என் மகள் மனசு விட்டுப்போய் பையைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். நம் ஆளின் பெயரைச் சொன்னேன், அவர் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே அறுபது சதவீதம் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று நம் ஆள் சொல்லியிருந்தாரே என்றேன். டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது என்றார். நான்காவது ஊருக்கு நாங்கள் போகவில்லை.

திரும்பி வந்து பன்னிரண்டு நாள் அவர் பின்னால் அலைந்தேன். முதலில் "கோச் திடீர்னு ஊருக்குப் போயிட்டார்க்கா". அப்புறம் பணத்தைத் திருப்ப முடியாது, அடுத்த சீசனுக்குக் கிரெடிட் தருகிறோம் என்றார். அப்புறம் யாரோ ஒரு பெண் இங்கிலீஷில் போன் செய்து, ஒப்பந்தத்தில் "விசிட்டுக்கு உதவி" என்றுதான் இருக்கிறது, கோச்சைப் பார்க்க வைப்போம் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். கார்டில் கட்டியிருந்தால் அந்தக் கட்டணத்தை ஏற்க மாட்டேன் என்று கார்டு கம்பெனிக்கு எழுதியாவது கொடுத்திருக்கலாம். மூன்று சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய் 4,800 டாலரும் போச்சு.

இதைவிட என்னை நடுங்க வைத்தது வேறு. ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: ஸ்காலர்ஷிப் கிடைத்தால் முதல் வருடத் தொகையில் எட்டு சதவீதம் அவர்களுக்கு. ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீஸுக்கு போன் செய்து அதைப் படித்துக் காட்டினேன். சேர்த்துவிட்டதற்கோ கிடைத்த உதவித்தொகைக்கோ கட்டணம் என்று பேசினால், பிள்ளையின் விளையாடும் தகுதிக்கே ஆபத்து, உடனே எழுத்தில் ரத்து செய்யுங்கள் என்றார் அந்த அம்மா. எட்டு வருட உழைப்பு என் ஒரு கையெழுத்தில் போயிருக்கும். ரத்துக் கடிதம் ரெஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன், மாநில நுகர்வோர் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அஃபிஷியல் விசிட்டுக்கு அழைப்பது கல்லூரி, பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாமோ அதில் ஒரு பகுதியோ அவர்கள் செலவு. அதை வெளியாள் யாரும் விற்க முடியாது. அதற்கு முன்னால் மார்க் விவரம் கேட்பார்கள், விளையாடும் தகுதியைச் சரிபார்க்கும் என்சிஏஏவின் எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவு செய்யச் சொல்வார்கள். இந்த ஆள் மார்க் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நம் செலவில் போவது அன்அஃபிஷியல் விசிட், அதற்கு இடையில் ஆளே வேண்டாம், கோச்சுக்குப் பிள்ளையே ஈமெயில் போடலாம். போகும் முன் டெட் பீரியட் பாருங்கள். சதவீதம் என்ற வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் டோர்னமென்ட்டுக்கு வரும் இன்னொரு அம்மாவிடம் நேற்றுப் பேசினேன். அவர் மகனுக்கும் ஒரு நோட்டுப் பக்கம் காட்டியிருக்கிறார், பச்சை மை, "கால் வேகம் அருமை, 4-4இல் பயப்படவில்லை". அந்தப் பையன் அன்று 6-1, 6-0 என்று தோற்றவன், அந்த மேட்ச்சில் 4-4 என்ற ஸ்கோரே வந்திருக்க முடியாது. உங்களிடமும் இப்படி ஒருவர் நோட்டைத் திறந்து காட்டியிருந்தால், ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.