பிரென்னா, எம்.ஜி.42-ஆ: தோட்டா சுமந்தவனையும் ஒரு வார்த்தை கேட்போம்

இரண்டாம் உலகப் போர் ஆயுதங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தச் சண்டை தவறாமல் வந்துவிடும். இயந்திரத் துப்பாக்கிகளில் பிரிட்டனின் பிரென் உசத்தியா, ஜெர்மனியின் எம்.ஜி.42 உசத்தியா? ஜெர்மன் கட்சி எடுத்த எடுப்பிலேயே ‘நிமிஷத்துக்கு 1200 ரவுண்டு’ என்று ஆரம்பிக்கும். பிரிட்டிஷ் கட்சி ‘பிரென் குறி தப்பாது’ என்று பதில் சொல்லும். இரண்டு கட்சியும் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துப் பேசுகின்றன. அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் பேச்சிலேயே வருவதில்லை.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது நான் கையால் தொட்ட ஒரே இயந்திரத் துப்பாக்கி எல்.எம்.ஜி., அதாவது இலகு இயந்திரத் துப்பாக்கி. பெயர் அப்படி இருந்தாலும் அது 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றிச் செய்த பிரென்தான். முகாமில் ஒரு ஹவில்தார் தார்ப்பாயை விரித்து அதைப் பிரித்துக் காட்டினார். பிஸ்டன், பேரல், பட், பாடி, பைப்பாட். ஐந்துமே ‘ப’ வரிசை, அதனால் மறக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டிக் காட்டியபோது ஸ்பேனர், திருப்புளி என்று எதையும் அவர் தொடவில்லை. அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை. எம்.ஜி.42-ஐ நான் தொட்டதில்லை, படித்ததோடு சரி. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

பிரென் பிரிட்டிஷ் துப்பாக்கியாகப் பெயர் வாங்கினாலும் பிறந்த வீடு செக்கோஸ்லோவாக்கியா. பிர்னோ நகரத்துத் தொழிற்சாலையில் வாட்ஸ்லாவ் ஹோலெக் வடிவமைத்த இசட்.பி.26 தான் அதன் மூலம். முதல் உலகப் போர் காலத்து லூயிஸ் துப்பாக்கிக்கு மாற்று தேடிய பிரிட்டன் 1930களின் தொடக்கத்தில் பல துப்பாக்கிகளைச் சோதனைக்கு விட்டது. செக் துப்பாக்கி மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. 1935-ல் அதைத் தேர்ந்தெடுத்து, 1937-ல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். பிர்னோவின் தலையும் என்ஃபீல்டின் தலையும் ஒட்டிப் பிறந்த பெயர்தான் பிரென்.

அதன் தலைமேல் வளைந்து நிற்கும் தோட்டாக் கூடான மேகஸினுக்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டனின் .303 தோட்டாவுக்கு அடியில் ஆணிக்கொண்டை மாதிரி ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரிசை தானாகவே வளையும். ஆகவே மேகஸினும் வளைந்தது. நிரப்பும்போது மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் துப்பாக்கி நின்றுவிடும். மேகஸின் கொள்ளளவு 30. ஆனாலும் ஸ்பிரிங்குக்கும் இந்தத் தொல்லைக்கும் பயந்து 28-தான் போடுவார்கள். பிரென் சிக்கவே சிக்காது என்பவர்கள், சிரத்தையாக மேகஸின் நிரப்பிய கைகளுக்கு வரவேண்டிய பாராட்டையும் சேர்த்துத் துப்பாக்கிக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

நின்றுவிட்டாலும் பெரிய பாடில்லை. முதலில் காக்கிங் ஹேண்டிலை இழுத்து, மேகஸினை மாற்றிச் சுடு. மறுபடியும் நின்றால், பிஸ்டனைத் தள்ளும் வெடிவாயுவின் அளவை மாற்றுகிற கேஸ் ரெகுலேட்டரைத் திருப்பி அடுத்த பெரிய துளைக்கு வை. அதில் நான்கு அளவுகளில் துளைகள் இருக்கும். கரி படிந்து பிஸ்டன் சோம்பினால் கூடுதல் வாயுவைக் கொடுத்துத் தள்ளிவிடலாம். அடுப்புத் தீயைக் கூட்டிக் குறைக்கிற மாதிரிதான். பயந்து நடுங்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்குக்கூட இரவில் கை பழகிவிடும்.

எம்.ஜி.42-ன் பிறப்பு வேறு மாதிரிக் கதை. ஜெர்மன் ராணுவத்திடம் ஏற்கெனவே எம்.ஜி.34 இருந்தது. அருமையான துப்பாக்கி, ஆனால் கடிகாரக்காரர் வேலை. இரும்புக் கட்டிகளைக் குடைந்து குடைந்து செய்ய வேண்டும். தூசியும் சேறும் பட்டால் முகம் சுளிக்கும். போர் தின்கிற வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மலிவாக ஒன்று வேண்டும் என்று கேட்டபோது வென்றது, துப்பாக்கியே செய்து பழகாத ஒரு கம்பெனி. சாக்ஸனியில் டோபெல்ன் ஊரில் தகடு அடித்து விளக்கு செய்துகொண்டிருந்த குரோஸ்ஃபுஸ்.

அங்கிருந்த பொறியாளர் வெர்னர் குரூனருக்குத் தகடு அழுத்தும் வேலை கைவந்த கலை. துப்பாக்கி தெரியாது. தெரிந்துகொள்ள ராணுவத்தின் இயந்திரத் துப்பாக்கிப் பயிற்சியிலேயே போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து, தகட்டை அழுத்தி வளைத்து, ஸ்பாட் வெல்டிங் வைத்து, ரிவெட் அடித்து ஒரு துப்பாக்கியைச் செய்தார். எம்.ஜி.34-க்கு ஏறத்தாழ 150 மணி நேர உழைப்பு என்றால் இதற்கு 75. விலை 327 ரைஷ்மார்க்கிலிருந்து 250-க்கு இறங்கியது. எடை சுமார் 11.6 கிலோ. 1942 முதல் போர் முடிவதற்குள் நான்கு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். என்னைக் கேட்டால் எம்.ஜி.42-ன் உண்மையான சாதனை அந்த 1200 ரவுண்டு இல்லை, இந்தத் தகட்டு வேலைதான். பிரென்னின் பாடி முழு எஃகைக் கடைந்து எடுத்தது. போர்க்காலத்தில் எளிமைப்படுத்திய பிறகும் அதன் சுபாவம் மாறவில்லை. 1940-ல் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பெரும்பாலான பிரென்களைப் போட்டுவிட்டு வந்தபோது, அந்தக் குழியை நிரப்ப அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கனடாவில் டொரன்டோ நகரத்து ஜான் இங்லிஸ் தொழிற்சாலை மலைமலையாகச் செய்து அனுப்பியதால் பிழைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1939 மார்ச்சில் ஹிட்லர் பிர்னோவைப் பிடித்ததும் இசட்.பி.26 ஜெர்மானியர் கைக்கும் போனது. எம்.ஜி.26(டி) என்று பெயர் மாற்றி அவர்களும் சுட்டார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

சரி, கணக்குக்கு வருவோம். பிரென் நிமிடத்துக்கு 500 சொச்சம் சுடும். விசையை விடாமல் பிடித்தால் 28 தோட்டா மேகஸின் மூன்றரை வினாடிக்குள் காலி. அதே நேரத்தில் எம்.ஜி.42 சுமார் 67 தோட்டாவைத் தின்றிருக்கும். வினாடிக்கு 20. ஒரு தோட்டா 25 கிராம் பக்கம் வரும். ஆக, விரலை அழுத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் அரைக் கிலோ போகிறது. அந்த அரைக் கிலோ தானாக நடந்து வராது. யாரோ ஒருவன் தோளில்தான் வரும்.

ஜெர்மானியர்கள் இதைத் தெரியாமல் செய்யவில்லை. எதிரி ஒரு மறைவிலிருந்து இன்னொரு மறைவுக்கு ஓடும்போது கண்ணில் படுவது இரண்டு மூன்று வினாடிதான். அதற்குள் எத்தனை குண்டு போகிறதோ அத்தனை லாபம் என்பது அவர்கள் கணக்கு. எனவே பத்துப் பேர் கொண்ட அணியில் நாயகன் இயந்திரத் துப்பாக்கிதான். மற்றவர்கள் அதற்குத் தோட்டா சுமந்தார்கள், அதற்குக் காவல் நின்றார்கள். அதே துப்பாக்கியை முக்காலியில் தொலைநோக்கியோடு பூட்டினால் கனரக இயந்திரத் துப்பாக்கி ஆகிவிடும். பிரிட்டனுக்கு அந்த வேலைக்குத் தண்ணீரில் குளிரும் விக்கர்ஸ் தனியாக வேண்டியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் பிரென் கட்சி வாயைத் திறக்க வழியில்லை.

பிரிட்டிஷ் செக்‌ஷன் என்ற சிறு அணி வேறு மாதிரி யோசித்தது. பிரென்னோடு இரண்டு மூன்று பேர் ஒரு பக்கம் படுத்துச் சுடுவார்கள், அதன் மறைவில் ரைஃபிள்காரர்கள் சுற்றிப் போய்த் தாக்குவார்கள். ஆனால் பிரென் மேகஸின் எல்லோர் பையிலும் இருக்கும். 1937 பேட்டர்ன் என்ற இடுப்புப் பட்டையில் இருக்கும் இரண்டு பெரிய பைகளும் பிரென் மேகஸின் உள்ளே போகிற அளவுக்குத் தைத்தவை. ஒருவன் விழுந்தாலும் தீனி மொத்தமும் போய்விடாது. பிரென்காரன் செத்தால் பக்கத்திலிருப்பவன் எடுத்துச் சுடலாம். எல்லோருக்கும் பயிற்சி உண்டு.

அது காகிதத்தில் மட்டும் நடந்ததல்ல. 1944 ஜூன் 23, பர்மாவில் மொகவுங். 3/6 கூர்க்கா ரைஃபிள்ஸைச் சேர்ந்த துல் பகதூர் புன்னின் செக்‌ஷன் ரயில் பாலத்தருகே ஒரு சிவப்பு வீட்டிலிருந்து வந்த சூட்டில் சரிந்தது. மிச்சம் மூன்றே பேர். அவர்களில் மற்ற இருவரும் விழுந்ததும் புன் பிரென்னைக் கையில் எடுத்தார். இடுப்பில் வைத்துச் சுட்டுக்கொண்டே, சேற்றில் கால் புதையப் புதையத் தனி ஆளாக ஓடினார். வீட்டைப் பிடித்தார். உள்ளே இருந்த இரண்டு இலகு இயந்திரத் துப்பாக்கிகளும் அவர் கைக்கு வந்தன. பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்த வீரம் புன்னுடையது, துப்பாக்கியுடையது இல்லை. ஆனால் அதே ஓட்டத்தை 50 தோட்டா டிரம் மாட்டிய எம்.ஜி.42-ஓடு கற்பனை செய்து பாருங்கள். இரண்டரை வினாடியில் கை காலி.

பேரல் மாற்றுவதில் எம்.ஜி.42 கட்சிக்குப் பெருமை அதிகம். நியாயமானதுதான். வலது பக்கக் கொக்கியைத் தட்டினால் பேரலின் பின்முனை வெளியே வந்து நிற்கும். உருவி எறிந்துவிட்டுப் புதிதைச் செருக ஐந்தாறு வினாடி போதும். ஆனால் பழுக்கக் காய்ந்த பேரலைத் தொட ஆஸ்பெஸ்டாஸ் கையுறை வேண்டும். பிரென் பேரலுக்குச் சொந்தமாகவே ஒரு மரப்பிடி உண்டு. நெம்பைத் தூக்கி, பிடியைப் பிடித்து முன்னால் கழற்றலாம், கை சுடாது. வேக வித்தியாசம் சொற்பம். தேவை எவ்வளவு அடிக்கடி வரும் என்பதுதான் பெரிய வித்தியாசம். பிரென்னில் நிமிடத்துக்கு நான்கு மேகஸின் வேகத்தில் சுட்டால் பத்து மேகஸினுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், அதாவது இரண்டரை நிமிடம். எம்.ஜி.42-ல் அந்தப் பத்து மேகஸின் அளவுத் தோட்டா 14 வினாடிக்குத்தான் காணும்.

இனி பேர். எம்.ஜி.42-ன் பேர் காதால் வந்தது. அந்த வேகத்தில் சுடும்போது ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகக் கேட்காது. ஜவுளிக்கடையில் காடாத் துணியைச் சர்ரென்று கிழிக்கிற சத்தம்தான் கேட்கும். ஹிட்லரின் ரம்பம் என்றார்கள். அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களின் பயத்தைப் போக்கப் பயிற்சிப் படமே எடுத்து, இது குரைக்கிற அளவுக்குக் கடிக்காது என்று சொல்லிப் பார்த்தது. கடி வாங்கியவர்கள் நம்பியிருப்பார்களா, சந்தேகம்தான். அப்படிச் சொன்ன அதே அமெரிக்கா டி24 என்ற பெயரில் அதை நகலெடுக்கவும் முயன்றது. அமெரிக்கத் தோட்டா ஜெர்மன் தோட்டாவைவிட நீளம். அதற்கு வேண்டிய இடத்தை வரைபடத்தில் கால் அங்குலம் குறைத்துவிட்டார்கள். துப்பாக்கி திக்கித் திக்கிச் சுட்டு, திட்டம் மூடப்பட்டது.

பிரென்னின் பேர் பழகியதால் வந்தது. அதிலும் ஒரு கட்டுக்கதை ஒட்டிக்கொண்டது: அது அளவுக்கு மீறிக் குறி தவறாதது, குண்டுகள் சிதறாமல் ஒரே இடத்தில் விழும், அதனால் தேய்ந்த பேரலைத் தேடிப் போட்டார்கள் என்று. இயந்திரத் துப்பாக்கி குண்டைக் கொஞ்சம் பரப்ப வேண்டும் என்பது உண்மை. ஆனால் பிரென்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தது நாலைந்தாகக் குறி பார்த்துச் சுடுவது. அவனுக்குக் குறி தவறாமை எப்படிக் குறையாகும்? இடப்பக்க நெம்பை மாற்றி ஒற்றைத் தோட்டாவாகக்கூடச் சுடலாம். எம்.ஜி.42-க்கு அந்த வழக்கமே கிடையாது.

இந்தியாவுக்கு இந்தக் கதையில் ஒரு கிளைக்கதை உண்டு. பிரிட்டன் தேர்ந்தெடுக்காத விக்கர்ஸ்-பெர்தியே துப்பாக்கியை இந்திய ராணுவம் 1930களின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டு, வங்காளத்தில் இஷாப்பூரில் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பிரென்னேதான். மோசமான துப்பாக்கி இல்லை. பிரென் வந்து குவிந்ததும் ஓரம் போனது, அவ்வளவுதான்.

போருக்குப் பிறகு இருவருமே ஓய்வு பெறவில்லை. பிரென் 7.62-க்கு மாறி, பிரிட்டனில் 1991 வளைகுடாப் போர் வரைக்கும் எட்டிப் பார்த்தது. எம்.ஜி.42 அதே தோட்டாவுக்கு மாறி எம்.ஜி.3 ஆனது. பாகிஸ்தான் அதை வா நகரத் தொழிற்சாலையில் செய்துகொண்டது. ஆக, எல்லைக்கு இந்தப் பக்கம் பிரென்னின் வாரிசும் அந்தப் பக்கம் எம்.ஜி.42-ன் வாரிசும் வெகுகாலம் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருந்தன.

என் தேர்வு கேட்டால்: பள்ளம் தோண்டி, பெட்டி பெட்டியாகத் தோட்டா பெல்ட் அடுக்கி, வருகிறவனுக்குக் காத்திருக்க வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு எம்.ஜி.42. தொழிற்சாலை நடத்துகிறவனாக இருந்தாலும் அதுவே. நடந்து போய் ஒரு மேட்டைப் பிடிக்க வேண்டுமானால் பிரென்.

அந்த முகாமில், நானே ஆசைப்பட்டுக் கேட்டு எல்.எம்.ஜி.யைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடினேன். பத்துக் கிலோதான். பாதி தூரத்திலேயே பைப்பாட் கால் விலாவில் இடிக்க, பிடி வியர்வையில் வழுக்க, மூச்சு முட்டி வந்து நின்றேன். ஹவில்தார் அதை என் கையிலிருந்து ஒற்றைக் கையால் வாங்கித் தார்ப்பாயில் வைத்துவிட்டுச் சொன்னார்: “மேகஸின் இன்னும் கொடுக்கவே இல்லையே தம்பி.”